வெண்ணெய்க் காசு: அயர்லாந்தின் சந்தைகளும் சமையற்பள்ளிகளும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் தேடிச் செல்வது வழக்கம். நாம் இன்று அவ்விரண்டையும் விட்டுவிட்டு, சந்தைக்கும் அடுப்பங்கரைக்கும் போவோம். நாம் எடுத்துக்கொண்ட நாடு அயர்லாந்து. அட்லாண்டிக் பெருங்கடலின் மழையை ஐரோப்பாவில் முதலில் வாங்கிக்கொள்ளும் பச்சைப் பசேல் என்ற தீவு. நம் கான்வென்ட் பள்ளிகளில் படித்த பாட்டிமார்களுள் பலர், அயர்லாந்திலிருந்து வந்த கன்னியாஸ்திரீகளிடம் பாடம் கேட்டவர்கள். அவர்கள் கற்றுத் தந்த ஆங்கிலமும் ஒழுங்கும் நம் நினைவில் நிற்கின்றன. அவர்கள் பிறந்த ஊரில் என்ன சமைத்தார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றியதில்லை.

உருளைக்கிழங்கைத் தவிர வேறென்ன இருந்திருக்கும் என்று பலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் பாதிதான் உண்மை. உருளைக்கிழங்கு அயர்லாந்துக்குப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த விருந்தாளி. அதற்கு முன்னே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டு மக்களின் உணவு பாலும், தயிரும், வெண்ணெயும், ஓட்ஸ் கஞ்சியுமே. அவர்களுடைய பழைய சட்ட நூல்கள், வளர்ப்பு வீட்டில் வளரும் பிள்ளைக்கு எந்தக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்பதையும் விதித்தன. எளியவன் மகனுக்கு மோரோ நீரோ விட்ட கஞ்சி. தலைவன் மகனுக்குப் புதுப்பாலில் காய்ச்சிய கஞ்சி. அரசன் மகனுக்குத் தேன் கலந்த கஞ்சி. சதுப்பு நிலத்தில் வெண்ணெயைப் புதைத்து வைக்கும் வழக்கமும் இருந்தது. பல நூற்றாண்டுகள் கழித்து, எரிகரி வெட்டும் மண்வெட்டியில் அந்த வெண்ணெய்க் கட்டிகள் இன்றும் அகப்படுவதுண்டு. டப்ளினில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம்.

பால் வளம் மிக்க இந்நாட்டில் கிழங்கு எவ்வாறு தலைமை பெற்றது? விடை நிலத்தில் இருக்கிறது. நல்ல நிலம் பெருநிலக்கிழார்களின் கைக்குப் போயிற்று. குத்தகைக்காரன் விளைவித்த தானியமும் வளர்த்த பன்றியும் குத்தகைப் பணமாக மாறின. எஞ்சிய துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பக் கூடிய பயிர் உருளைக்கிழங்கு ஒன்றுதான். 1840களில் ஏறத்தாழ முப்பது லட்சம் மக்கள் அதை மட்டுமே நம்பி வாழ்ந்தனர். உழைக்கும் ஆண் ஒருவன் நாளொன்றுக்கு ஐந்து கிலோ வரை கிழங்கும், அதனுடன் மோரும் உண்டான். பெரும்பாலோர் நட்டது 'லம்பர்' என்னும் ஒரே இனம்.

1845ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு நோய் வந்தது. இலையில் கரும்புள்ளியாகத் தொடங்கி, தோண்டிய கிழங்கை அழுகிய குழம்பாக்கிய அந்த நோய், அடுத்த ஆண்டு நாடு முழுவதும் பரவியது. 1841ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் 81 லட்சத்துக்கு மேல் இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை, 1851இல் 65 லட்சமாகக் குறைந்தது. சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர்; மேலும் பத்து லட்சம் பேர் கப்பலேறினர். கல்கத்தாவில் திரட்டிய நிதிகூட அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால், அதே ஆண்டுகளில் வெண்ணெயும் ஓட்ஸும் மாடுகளும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து வெளியே சென்றுகொண்டுதான் இருந்தன. 1847இல் ஏற்றுமதியான தானியத்தைவிட இறக்குமதியானதே அதிகம் என்பதையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனினும், வந்து இறங்கிய தானியத்தை வாங்கக் கூலிக்காரன் கையில் காசு இல்லை. பஞ்சம் என்பது உணவு இல்லாமை மட்டும் அன்று. உணவின்மேல் உரிமை இல்லாமையும் ஆகும்.

உரிமை பற்றிப் பேசும்போது நாம் கார்க் நகருக்குப் போக வேண்டும். அங்கே ஷாண்டன் குன்றின்மேல் 1770ஆம் ஆண்டில் ஒரு வெண்ணெய்ச் சந்தை ஒழுங்குபடுத்தப்பட்டது. கெர்ரி, லிமெரிக், கார்க் மாவட்டங்களின் மலைப்பாதைகள் வழியே உப்பிட்ட வெண்ணெய், மரப்பீப்பாய்களில் வந்து குவிந்தது. அப்பாதைகளுக்கு இன்றும் 'வெண்ணெய்ச் சாலைகள்' என்று பெயர். சந்தையில் ஆய்வாளர் ஒருவர் பீப்பாயில் நீண்ட துளைப்பானைச் செருகி, நிறம், மணம், சுவை பார்த்து, முதல் தரம் முதல் ஆறாம் தரம் வரை முத்திரை குத்துவார். வெண்ணெய் யாருடையது என்று அவர் அறியாதபடி ஏற்பாடு இருந்தது. அந்த முத்திரையை நம்பி மேற்கிந்தியத் தீவுகள் வரை வாங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது உலகின் மிகப் பெரிய வெண்ணெய்ச் சந்தையாக விளங்கியது.

இந்த வெண்ணெயைக் கடைந்தவர்கள் யார்? பெண்கள். பால் கறப்பதும், ஆடை எடுப்பதும், கடைவதும், உப்பிடுவதும் வீட்டுப் பெண்களின் வேலை. வெண்ணெய் விற்ற காசில் பெண்களுக்குப் பங்கு இருந்தது. கடைந்தபின் எஞ்சிய மோரையும் அவர்கள் வீணாக்கவில்லை. சமையல் சோடா கடைக்கு வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், மோரையும் சோடாவையும் மாவில் சேர்த்து, ஈஸ்ட் இல்லாமலே ரொட்டி சுட்டார்கள். மோரின் புளிப்பும் சோடாவும் கூடி மாவைப் பொங்கச் செய்யும். அயர்லாந்தின் பெயர் பெற்ற 'சோடா ரொட்டி' பிறந்த கதை இதுவே.

காலம் மாறியது. டென்மார்க்கின் உப்புக் குறைந்த வெண்ணெயும், மலிவான மார்ஜரினும் இங்கிலாந்துச் சந்தையைப் பிடித்தன. இதனை எதிர்கொள்ளச் சர் ஹொரஸ் பிளங்கெட் கூட்டுறவு இயக்கத்தைத் தொடங்கினார். 1889ஆம் ஆண்டில் லிமெரிக் மாவட்டத்துத் ட்ரம்காலகர் என்னும் ஊரில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை நிலையம் எழுந்தது. விவசாயிக்கு அது பெரும் நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நன்மைக்குள்ளே ஓர் இழப்பும் ஒளிந்திருந்தது. முன்பு வீட்டில் கடையப்பட்ட பாலை இப்போது வண்டியில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டு சென்றவர் ஆண். பணம் பெற்றுக்கொண்டவரும் ஆண். பெண்ணின் கையிலிருந்து மத்தும் போயிற்று, காசும் போயிற்று, கைப்பழக்கமும் மெல்லப் போயிற்று. கார்க் வெண்ணெய்ச் சந்தை 1924இல் மூடப்பட்டது.

இனி நாம் சொல்லப்போவது, போனதைப் பெண்கள் எவ்வாறு மீட்டார்கள் என்னும் வரலாறு.

1910ஆம் ஆண்டில் வெக்ஸ்ஃபர்ட் மாவட்டத்துப் பிரீ என்னும் சிற்றூரில் கிராமப் பெண்கள் ஒரு சங்கம் கூட்டினார்கள். பின்னர் 1935இல் அது அயர்லாந்து நாட்டுப்புற மாதர் சங்கம் என்று பெயர் பெற்றது. அச்சங்கத்தின் தூண்களுள் ஒருவரான மியூரியல் கஹான் அம்மையார், 1930இல் டப்ளினில் 'நாட்டுப்புறக் கடை' ஒன்றைத் திறந்து, கிராமத்தார் கைவேலைக்கு நகரத்தில் வாசல் திறந்தார். 1940களின் பிற்பகுதியில் கூட்டுறவு முறையில் 'நாட்டுச் சந்தைகள்' தோன்றின. வீட்டில் சுட்ட ரொட்டி, தோட்டத்துக் கீரை, கோழி முட்டை, பழப்பாகு ஆகியவற்றை, உண்டாக்கியவரே கொண்டுவந்து விற்றார். 1954இல் லௌத் மாவட்டத்தில் 'அன் கிரியனான்' என்னும் தங்கிப் படிக்கும் கல்லூரியைச் சங்கம் தொடங்கியது. சமையலும் கைத்தொழிலும் அங்கே பாடங்களாயின. வடக்கே அல்ஸ்டர் பகுதியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுளோரன்ஸ் இர்வின் என்னும் ஆசிரியை ஊர் ஊராகச் சென்று சமையல் கற்பித்தார். கற்பிக்கப் போன இடத்தில் தாமும் கற்றுக்கொண்டு, கிராமத்துச் சமையல் முறைகளைத் திரட்டி, 1949இல் நூலாக வெளியிட்டார்.

அடுத்து, கார்க் மாவட்டத்தின் கிழக்கில் உள்ள ஷானகேரி என்னும் ஊருக்கு வருவோம். அங்கே பாலிமலூ என்னும் பண்ணை வீட்டில் ஒரு விவசாயியின் மனைவியாக வாழ்ந்தவர் மெர்ட்டில் ஆலன். 1964ஆம் ஆண்டில், தம் நாற்பதாம் வயதில், வீட்டுச் சாப்பாட்டு அறையையே உணவகமாகத் திறந்தார். அக்காலத்தில் அயர்லாந்தில் உயர்ந்த உணவகம் என்றால் பிரெஞ்சு மொழியில் பெயர் எழுதிய உணவு என்று பொருள். இந்த அம்மையாரோ, காலையில் பண்ணையிலிருந்தும் பக்கத்துப் பாலிகாட்டன் துறையிலிருந்தும் என்ன வந்ததோ, அதைப் பார்த்தே அன்றைய உணவுப் பட்டியலை எழுதினார். கடற்பாசியைப் பாலில் காய்ச்சி உறைய வைத்த இனிப்பை விருந்தினருக்குப் படைத்தார். நாம் அகர் அகர் செய்வதைப் போன்றதே அது. 'கேரகீன்' என்னும் அந்தப் பாசியைக் கடற்கரை ஏழைகள் நெடுங்காலமாக உண்டு வந்தனர். ஏழையின் உணவு என்று ஒதுக்கப்பட்டதை அவர் வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்தார். 1975இல் அவ்வுணவகத்துக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2018இல் மறையும் வரை அவர் வற்புறுத்தியது ஒன்றுதான்: நல்ல சமையல் நல்ல விளைச்சலில் தொடங்குகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1970களின் பிற்பகுதியில், பேரா தீபகற்பத்தில் வெரோனிகா ஸ்டீல் என்னும் அம்மையார், ஒற்றைக் கொம்புப் பசு ஒன்றின் மிகுதிப் பாலை என்ன செய்வது என்று யோசித்தார். பாலாடைக்கட்டி செய்து பார்த்தார். 'மில்லீன்ஸ்' என்னும் அந்தக் கட்டியிலிருந்துதான் இன்றைய அயர்லாந்தின் பண்ணைப் பாலாடைக்கட்டித் தொழில் கிளைத்தது. தம் செய்முறையை அவர் பூட்டி வைக்காமல் அண்டை அயலாருக்குச் சொல்லிக் கொடுத்தார். பூட்டி வைத்திருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். சொல்லிக் கொடுத்ததால் ஒரு வட்டாரம் பிழைத்தது.

மெர்ட்டில் ஆலனின் மருமகள் டரினா ஆலன். அவரும் அவர் சகோதரர் ரோரி ஓ'கானலும் 1983இல் பாலிமலூ சமையற்பள்ளியைத் தொடங்கினார்கள். நூறு ஏக்கர் இயற்கை வேளாண் பண்ணையின் நடுவே அமைந்தது அப்பள்ளி. பன்னிரண்டு வாரச் சான்றிதழ் வகுப்புக்கு வரும் மாணவருக்கு முதலில் காட்டப்படுவது கத்தியோ சட்டியோ அன்று. ஒரு தள்ளுவண்டி நிறைய மண். பின்னர் ரொட்டி சுடுதல், வெண்ணெய் கடைதல், பாலாடைக்கட்டி செய்தல் என்று பாடம் தொடரும். கூட்டுறவு நிலையம் எடுத்துக்கொண்ட மத்து, நூறு ஆண்டுகள் கழித்துப் பள்ளிப் பாடமாகத் திரும்பி வந்தது.

கற்றுக்கொண்டால் போதுமா? விற்க ஓர் இடம் வேண்டாமா? பேரங்காடிகள் சிறு விவசாயியின் இரண்டு கூடைத் தக்காளியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 1990களின் நடுவில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் உழவர் சந்தையைக் கண்டு திரும்பிய டரினா ஆலன், கார்க் நகரின் 'கோல் கீ' தெருவில் அத்தகைய சந்தைக்கு வழி செய்தார். 2000ஆம் ஆண்டளவில் மிடில்டன் நகரிலும் ஒன்று தொடங்கியது. சனிக்கிழமை காலையில் கூடி, மதியத்துக்குள் கலைந்துவிடும் சந்தை அது. இவற்றுக்கு முன்னோடிகளும் உண்டு. கார்க் நகரின் 'ஆங்கிலச் சந்தை' 1788இலிருந்து நடக்கிறது. 1980இல் தீக்கிரையாகியும் மீண்டும் எழுந்த அச்சந்தையில், 'டிரிஷீன்' என்னும் இரத்தக் குடல் உணவு போன்ற பழம்பண்டங்கள் விலைபோகின்றன. லிமெரிக்கின் பால் சந்தைக்கும், பெல்ஃபாஸ்டின் செயின்ட் ஜார்ஜ் சந்தைக்கும் நூறாண்டு கடந்த வரலாறு இருக்கிறது.

அயர்லாந்துக்குப் போகும் நேயர்கள் நல்ல உழவர் சந்தையைக் கண்டுகொள்ள ஒரு வழி சொல்வோம். முதலில் அவ்வூரின் சந்தை நாள் எது என்று கேளுங்கள். பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள், முற்பகலில் மட்டுமே கூடும். பிறகு, கடையில் நிற்பவரிடம், "இது உங்கள் தோட்டத்தில் விளைந்ததா?" என்று கேளுங்கள். உழவர் சந்தை என்ற பலகையின்கீழ் இறக்குமதிச் சரக்கை விற்போரும் எங்கும் உண்டு. விளைவித்தவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும், மற்றவருக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் சோதனை.

சந்தையும் பள்ளியும் போக, மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: ஏடு. 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் சுமார் ஐயாயிரம் தொடக்கப்பள்ளிகளின் பிள்ளைகள், தாத்தா பாட்டியிடம் கேட்டறிந்த பழைய செய்திகளைக் குறிப்பேடுகளில் எழுதினார்கள். பழங்காலத்து உணவு, ரொட்டி, வெண்ணெய் கடைதல் ஆகியவையும் அதில் தலைப்புகள். ஏறத்தாழ ஏழு லட்சத்து நாற்பதாயிரம் பக்கங்கள் கொண்ட அத்தொகுப்பு இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது. கணினி வழியே எவரும் படிக்கலாம். பஞ்சத்தின் நினைவைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் அப்போது உயிரோடு இருந்தனர். பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாமதித்திருந்தால், சொல்ல ஆள் இருந்திருக்காது.

பசியால் வெட்கப்பட்ட ஒரு மக்கள் தம் உணவைக் குறித்துப் பெருமைப்பட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அரசாணை ஒன்றினால் அது நடக்கவில்லை. சந்தையில் ஒரு கூடை, பள்ளியில் ஒரு பாடம், குறிப்பேட்டில் ஒரு பக்கம் என்று சிறுகச் சிறுக நடந்தது. இந்த உரையைக் கேட்கும் மாணவர்கள் இன்று மாலை தங்கள் பாட்டியிடம், தோட்டத்து லயத்தில் அவர் சிறு வயதில் உண்டது என்ன, அதை எப்படிச் சமைத்தார்கள் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். அந்தப் பக்கத்தை எழுத வேண்டிய காலம் இதுவே.