எண்ணிக்கையில் வராதவர் — ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையில் அங்கவீனமுற்றோர் எத்தனை பேர் என்று வினவினால், பதினொரு வருட இடைவெளியில் அரசாங்கமே இரண்டு விடைகளைத் தந்திருப்பதைக் காண்கிறோம். 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, முழுமையாக எண்ணி முடிக்கப்பட்ட 18 மாவட்டங்களில் 274,711 பேர் என்றது, நூற்றுக்கு 1.6 வீதம். நமது மாத்தளையும் அந்தப் பதினெட்டுள் ஒன்று. 2012ஆம் ஆண்டு மதிப்போ, நாடு முழுவதிலும் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 1,617,924 பேர் என்றது, நூற்றுக்கு 8.7 வீதம். இடைப்பட்ட காலத்தில் அங்கவீனர் வீதம் ஐந்து மடங்காகி விட்டதா? போர் பலரை ஊனப்படுத்தியது உண்மை. வடக்கும் கிழக்கும் பின்னைய கணக்கிலே முழுமையாகச் சேர்ந்ததும் உண்மை. ஆயினும் இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு அவை மட்டும் போதா. மாறியது பெரும்பாலும் கேள்வியே என்பது நமது துணிபு.

2001இல், ஊனம் உண்டா, உண்டெனில் எவ்வகை என்ற முறையிலே கேட்கப்பட்டது. பிறர் காது கேட்க வாசலில் நின்று இப்படிக் கேட்டால், எந்தத் தாய் ‘ஆம்’ என்பாள்? வீட்டில் கலியாணத்துக்கு நிற்கும் மூத்த பெண் இருந்தால், தம்பிக்குக் காது கேளாது என்பதை ஊருக்குச் சொல்ல எவர் துணிவர்? வயோதிகர்களோ, கண் மங்கியதையும் கால் தளர்ந்ததையும் ஊனம் என்று எண்ணுவதே இல்லை. வயது போனால் அப்படித்தான் என்பர்.

ஐக்கிய நாடுகளின் புள்ளிவிபர ஆணைக்குழுவின் கீழ் 2001இல் அமைக்கப்பட்ட வாசிங்டன் குழு என்னும் ஆய்வாளர் குழு இச்சிக்கலை ஆராய்ந்தது. ‘ஊனம்’ என்ற சொல்லையே கேள்வியிலிருந்து எடுத்துவிட்டது அக்குழு. கண்ணாடி அணிந்தும் பார்ப்பதில் சிரமமா, கேட்பதில் சிரமமா, நடப்பதில் அல்லது படியேறுவதில் சிரமமா, நினைவில் வைத்திருப்பதில் சிரமமா, குளித்து உடுப்பதில் சிரமமா, பேசிப் புரியவைப்பதில் சிரமமா என ஆறு கேள்விகள். சிரமம் இல்லை, சிறிது உண்டு, மிக உண்டு, முற்றாக இயலாது என நான்கு விடைகள். 2012இல் நம் நாட்டில் இவ்வழியிலேயே வினவினார்கள். சிறிதளவு சிரமம் உடையோரும் தொகையிற் சேர்ந்தனர். பார்ப்பதில் சிரமம் என்றோர் மட்டும் ஏறக்குறைய 10 இலட்சம். நடப்பதில் சிரமம் என்றோர் 7 இலட்சத்துக்கு மேல். மொத்தத் தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்.

இவ்வாறு எண்ணும் வழக்கம் புதியதன்று. நம் முன்னோர் புறப்பட்டு வந்த இந்தியாவிலே, பிரித்தானியர் நடத்திய குடிசன மதிப்புகள் 1931 வரை பித்தர், செவிட்டூமையர், குருடர், தொழுநோயர் என நான்கு பிரிவினரை எண்ணின. நம்பத்தக்க கணக்கு அன்று என்பதை எண்ணியவர்களே ஒப்புக்கொண்டனர். 1941இல் அக்கேள்வி கைவிடப்பட்டது.

தோட்டங்களிலே வேறொரு கணக்கு இருந்தது. அதை நாம் யாவரும் அறிவோம். அதுவே ‘பேர்’. நாள் முழுதும் வேலை செய்தவருக்கு ஒரு பேர். எடை குறைந்தால் அரைப் பேர். செக்ரோலில் ஏறிய பேருக்கே சம்பளம், வேலைக்கே லயக் காம்பரா. கவ்வாத்து வெட்டுகையில் கை இழந்தவரும், பிறவியிலே கண் தெரியாத பிள்ளையும் பிறருடைய பேரின் நிழலிலே வாழ்ந்தார்கள். தமக்கெனப் பெற்றோர் இட்ட பெயரும் பலருக்கு நிலைக்கவில்லை. நொண்டி, ஊமை, பொட்டையன் என்பனவே பெயராயின. அங்கவீனர் என்ற சொல்லும் சிலருக்குக் கசக்கக்கூடும். நாட்டின் சட்டத்தில் உள்ள சொல் என்பதால் ஈண்டு அதனைக் கையாள்கிறோம்.

அடுத்து, கல்வியின் கதையைப் பார்ப்போம். 1912இல் மேரி சப்மன் என்னும் மிசனரிப் பெண்மணி தொடங்கிய செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை பின்பு இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்மொழி மூலம் கற்கும் பிள்ளைகளுக்காக 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நபீல்ட் பாடசாலை எழுந்தது. 1951இல் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை வகுக்கப்பட்டு, தமிழுக்கும் அதிற் புள்ளியெழுத்து அமைந்திருந்தமையால், தொட்டுப் படிக்கும் எழுத்தும் அக்காலத்தே ஒழுங்குபட்டு விட்டது.

மாத்தளைத் தமிழ்ப் பிள்ளைக்கு இவற்றால் ஆன பயன் எவ்வளவு? நம் பட்டினத்தின் ஊடாகச் செல்லும் கண்டி–யாழ்ப்பாணப் பெருவீதி கைதடியையும் தொட்டுத்தான் செல்கிறது. நம் மூதாதையர் வடகரையில் இறங்கி, காடுகளையும் காய்ச்சலையும் கடந்து கால்நடையாய் மாத்தளை சேர்ந்ததும் வடக்கிருந்து வந்த பாதையிலேதான். ஆனால் அங்கே பிள்ளையைச் சேர்ப்பதென்றால் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தூரத்திலே விடுதியில் விட்டுவிட்டு வரவேண்டும். ஒரு நாட் கூலியை இழந்தால் அடுத்த நாள் அடுப்பு எரியாத குடும்பத்துக்கு அது எளிதா? பின்பு போர் வந்தது. வீதி நீண்டகாலம் மூடிக் கிடந்தது. 2002இல் திறந்து, 2006இல் மறுபடியும் மூடப்பட்டது. 2009இல் யுத்தம் முடிந்த பின்னரே வழி தடையின்றித் திறந்தது. விடுதிப் பாடசாலைகள் செய்த தொண்டைக் குறைத்துக் கூறுவது நமது நோக்கமன்று. அவற்றை எட்ட முடியாதவர்களே இங்கு மிகுதி என்கிறோம்.

எட்ட முடியாதவரிடம் எப்படிச் செல்வது என்பதை ஆராய்ந்தவருள் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. இயன்மருத்துவர் பத்மணி மெண்டிஸ் அவர்கள், சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஐனர் ஹெலாண்டர், குனெல் நெல்சன் ஆகியோருடன் சேர்ந்து உலக சுகாதார தாபனத்துக்காக ஒரு கைந்நூலை ஆக்கினார். 1979இல் அதன் முதற்படி வெளிவந்தது. பல நாடுகளிற் பரீட்சித்துத் திருத்திய பின், 1989இல் முழு வடிவம் பெற்றது. நான்கு வழிகாட்டிகள், முப்பது பயிற்சிப் பொதிகள். நோயின் பெயரை அதிலே தேட வேண்டியதில்லை. பார்ப்பதில் சிரமம், கேட்பதிலும் பேசுவதிலும் சிரமம், அசைவதில் சிரமம், கைகால்களில் உணர்ச்சியின்மை, வலிப்பு என்றே பிரித்திருப்பர். கற்பிப்பவர் வைத்தியர் அல்லர், வீட்டிலுள்ள ஒருவர். படத்தைப் பார்த்து, பிள்ளையை எப்படி இருத்துவது, எப்படி உண்ணப் பழக்குவது, எச்சைகையால் எதைச் சொல்வது என்று அவர் கற்றுக் கற்பிப்பார். மேற்பார்வை செய்பவரும் அயலவரே. வாசிங்டன் குழு பின்னர் கேட்ட கேள்விகளின் சாயல் இந்நூலிலேயே தென்படுவதைக் கவனிக்க. 1994 தொடக்கம் இலங்கை அரசும் சமுதாயம் சார்ந்த புனர்வாழ்வு என்ற பெயரில் இம்முறையை மேற்கொண்டது.

சட்டங்களும் வந்தன. அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வீதம் தகுதியுள்ள அங்கவீனர்க்கென 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறுகிறது. 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம், 2003இல் தேசியக் கொள்கை, 2006இல் கட்டிடங்களுக்குச் சென்றுவர வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள். சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் சென்று, 2011இல் அவ்விதிகளை வலியுறுத்தும் கட்டளையைப் பெற்றார். 2016இல் ஐ.நா. சமவாயத்தை நாடு ஏற்றுறுதி செய்தது. ஆயினும் பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு 3 வீதத்தால் என்ன பயன்? செங்குத்தான படிக்கட்டின் மேலே லயம் இருக்கையில், கச்சேரி வாசலில் அமைந்த சாய்தளத்தை அவன் என்று காண்பான்?

மெண்டிஸ் அவர்களின் கைந்நூலிலும் நமது மலைப்பகுதிக்குப் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. பகலில் வீட்டில் ஒருவர் இருப்பார் என்று அது எடுத்துக்கொள்கிறது. எல்கடுவைப் பக்கத்திலோ றத்தோட்டை மலையிலோ தாய் காலையிலே கொழுந்துக் கூடையுடன் போய்விடுகிறாள். பால்குடி மாறாத பிள்ளைகள் பிள்ளை மடுவத்தில். மற்றவர்கள் பாட்டியிடம், பாட்டி இல்லையேல் பூட்டிய காம்பராவில். ஆகவே நடக்காத, பேசாத குழந்தையை முதலிற் கண்டுகொள்ளக் கூடியவளும், நாள்தோறும் அதற்குப் பயிற்சி தரக்கூடியவளும் மடுவத்தில் பிள்ளை பார்க்கும் பெண்ணே. அக்கைந்நூலின் நான்கு வழிகாட்டிகளில் ஒன்று மேற்பார்வையாளருக்கு, ஒன்று ஊர்க்குழுவுக்கு, ஒன்று அங்கவீனமுற்றோருக்கே, ஒன்று பள்ளி ஆசிரியருக்கு. அந்தப் பெண்ணுக்கென்று ஒன்று அதிலே இல்லை.