கடல் கடந்த முன்னோரும் காலம் கடந்த ஏடுகளும்

நம்மில் ஒருவரை நோக்கி, 'உம்முடைய பாட்டனார் பெயர் யாது?' என்று வினவினால் உடனே விடை கிடைக்கும். அப்பாட்டனாரின் பாட்டனார் பெயரை வினவினால் பலர் தயங்குவர். மகனுடைய மகனைத் தமிழில் 'பேரன்' என்கிறோம். பாட்டன் பெயரைத் தாங்கி நிற்பவன் ஆதலின் அவன் பெயரன். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பெயரை இவ்வளவு போற்றிய சமுதாயத்திலும் நான்கு தலைமுறைக்கு அப்பால் நினைவு மங்கிவிடுகிறது. அங்ஙனமாயின், பிறந்த ஊரையும் பேசிய மொழியையும் விட்டுப் பெருங்கடலைக் கடந்து, வேற்று நாட்டில் குடியேறிய மக்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரை எங்ஙனம் அறிவர்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினாவை எழுப்புவோர் பலர். அவருள் ஜெர்மானிய வழியினர் மிகப் பலர். 'நம் குடும்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது' என்னும் ஒரு வாக்கியமே பல வீடுகளில் முன்னோர் விட்டுச் சென்ற செய்தியாக எஞ்சியுள்ளது. அவ்வொரு வாக்கியத்தைக் கைவிளக்காகக் கொண்டு, இருநூறு முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கி நடந்து, ஒரு சிற்றூரின் தேவாலய ஏட்டில் ஒரு குழந்தையின் பெயரைக் கண்டுபிடிப்பது இயலுமா? இயலும். அஃது எவ்வாறு இயலும் என்பதையும், அம்முயற்சி மாணவர்க்குக் கற்பிக்கும் பாடம் யாது என்பதையும் இங்குக் காண்போம்.

முதலில், கப்பலேறியவர் யாவர்? 1683ஆம் ஆண்டில் கிரேபெல்டு என்னும் ஊரிலிருந்து 13 குடும்பங்கள் 'கான்கார்டு' என்ற கப்பலில் பிலடெல்பியாவை அடைந்தன. வில்லியம் பென் நிறுவிய பென்சில்வேனியாவில் சமய உரிமை உண்டு என்ற நம்பிக்கையே அவர்களை ஈர்த்தது. அவர்கள் அமைத்த குடியிருப்பு 'ஜெர்மன்டவுன்' எனப் பெயர் பெற்றது. 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிரும் போரின் அழிவும் ரைன் ஆற்றங்கரை உழவர்களை வாட்டின. ஏறத்தாழ 13,000 பேர் இலண்டன் மாநகருக்கு ஓடிவந்தனர். அவருள் சுமார் 3,000 பேரை ஆங்கில அரசு 1710இல் நியூயார்க்குக்கு அனுப்பி, கடற்படைக்கு வேண்டிய கீல் காய்ச்சும் வேலையில் ஈடுபடுத்தியது. அக்கூட்டத்தில் சிறுவனாக வந்த ஜான் பீட்டர் செங்கரே பின்னாளில் அச்சகத்தாராகி, 1735இல் நடந்த புகழ்பெற்ற வழக்கில் விடுதலை பெற்று, பத்திரிகை உரிமையின் வரலாற்றில் இடம் பெற்றார்.

அதன் பின்னர் வந்தோர் தொகை பெருகியது. கப்பற் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் கரை சேர்ந்ததும் தம் உழைப்பையே விலையாகக் கொடுத்தனர். சில ஆண்டுகள் ஒரு முதலாளியிடம் பணிபுரிய ஒப்பந்தம் செய்துகொண்டனர். சிறுவர்கள் 21 வயது நிரம்பும் வரை பணிபுரிய நேர்ந்ததும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ இவ்வோடை பெருவெள்ளம் ஆயிற்று. 1820 முதல் 1920 வரை 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் அமெரிக்கா சென்றனர்.

இவர்களுள் அரசர் இல்லை; பெருஞ்செல்வர் மிகச் சிலரே. உழவர், நெசவாளர், தச்சர், கொல்லர், பணிப்பெண்டிர் ஆகியோரே பெரும்பாலோர். நூல் எழுதியவர்களும் அல்லர். கல்வெட்டுப் பொறித்தவர்களும் அல்லர். ஆயினும் அவர்களைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. அவற்றை எழுதிவைத்தவர்கள் யாவர்? வரி வாங்கிய அதிகாரி, பயணிகளை எண்ணிய கப்பல் தலைவர், குழந்தைக்கு ஞானஸ்நானம் அளித்த குருமார், நீதிமன்ற எழுத்தர் ஆகியோரே. அவர்களுள் ஒருவரும் வரலாறு எழுதுவதாக நினைக்கவில்லை. தத்தம் கடமைக்காக எழுதினர். நமக்கு வரலாறு கிடைத்தது.

இதற்குச் சிறந்த சான்று பிலடெல்பியாப் பட்டியல்கள். ஆண்டுதோறும் வந்திறங்கிய ஜெர்மானியரைக் கண்டு பென்சில்வேனிய ஆட்சியாளர் அஞ்சினர். மொழியாலும் வழக்கத்தாலும் வேறுபட்ட இவர்கள் ஆங்கில அரசருக்கு உண்மையாக இருப்பரோ என ஐயுற்றனர். பெஞ்சமின் பிராங்கிளின் போன்ற அறிஞரே 1751இல் எழுதிய கட்டுரையில் இவ்வச்சத்தை வெளியிட்டார் என்றால் மற்றவர் நிலையைக் கூற வேண்டுவதில்லை. எனவே 1727 முதல், வந்திறங்கிய அயல்நாட்டு ஆடவர் அரசரிடம் பற்றுறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும் என விதித்தனர். 1775 வரை ஏறத்தாழ 65,000 ஜெர்மானியர் அத்துறையில் இறங்கினர் எனக் கணக்கிட்டுள்ளனர். எஞ்சிய பட்டியல்களை ஸ்டிராஸ்பர்கர், ஹிங்கே என்னும் இருவர் 1934இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். அவற்றுள் ஒரு தொகுதி முழுவதும் அம்மனிதர்களின் கையெழுத்துப் படங்களே. ஏர் பிடித்த கையால் தட்டுத் தடுமாறி எழுதிய பெயர்களை அங்கே காணலாம். எழுதத் தெரியாதவர் இட்ட கீறலையும், அதனருகே எழுத்தர் எழுதிய பெயரையும் காணலாம். ஐயத்தால் பிறந்த ஏடு, அந்த ஏழைகளுக்கு நினைவுச் சின்னமாயிற்று!

ஆனால், இப்பட்டியலில் ஒரு பெருங்குறையும் உண்டு. கையெழுத்திட்டவர் 16 வயதுக்கு மேற்பட்ட ஆடவர் மட்டுமே. மனைவியர், மகளிர், குழந்தைகள் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. கடலிலேயே உயிர் நீத்தவர்களும் அக்கையெழுத்துகளில் இடம்பெறார். ஆகவே, ஏட்டில் இல்லாதவர் உலகிலேயே இல்லாதவர் என்று முடிவு செய்தல் பிழை. ஏட்டின் சொற்களைப் படிப்பவன் அதன் மௌனத்தையும் படிக்கக் கற்றல் வேண்டும்.

இனித் தேடும் முறையைக் காண்போம். அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்வதே முதல் விதி. தன்னிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து பாட்டனுக்கும் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். குடும்ப வேதப் புத்தகத்தின் முதல் ஏட்டில் எழுதிய பிறப்புக் குறிப்புகள், கல்லறை வாசகங்கள், உயில்கள், நிலப் பத்திரங்கள் ஆகியவை துணை செய்யும். அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கில் 1850 முதல் வீட்டிலுள்ளோர் அனைவரின் பெயரும் பிறந்த நாடும் இடம்பெற்றன. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு மட்டும் அவ்வுரிமை அன்று கிட்டவில்லை. 1890ஆம் ஆண்டுக் கணக்கேடுகளின் பெரும் பகுதி 1921இல் நேர்ந்த தீ விபத்தை அடுத்து இல்லாமற் போயிற்று.

இங்கே ஓர் இடையூறு எழும். 'ஜெர்மனி' என்ற ஒரே நாடு 1871ஆம் ஆண்டுக்கு முன் இல்லை. பிரஷ்யா, பவேரியா, பாடன், வூர்ட்டம்பர்க், ஹெஸ்ஸே எனப் பல நாடுகள் இருந்தன. 'பிரஷ்யாவில் பிறந்தவர்' என்று மட்டும் ஓர் ஏடு கூறினால், கடலிலே விழுந்த மோதிரத்தைத் தேடுவது போலாகும். ஊரின் பெயர் கிடைத்தால்தான் கதவு திறக்கும். ஊர்ப் பெயரே திறவுகோல்.

அத்திறவுகோலைத் தரவல்லவை ஜெர்மனியின் இரு துறைமுக நகரங்களின் பயணிப் பட்டியல்கள். ஒன்று ஹாம்பர்க், மற்றொன்று பிரெமன். ஹாம்பர்க் நகரத்தார் 1850 முதல் 1934 வரை எழுதிய பட்டியல்களைப் பெரும்பாலும் காத்துவைத்தனர். பயணியின் பெயர், வயது, தொழில், புறப்பட்ட ஊர் ஆகியவை அவற்றில் உள்ளன. பிரெமன் நகரிலும் 1832 முதல் இத்தகைய பட்டியல்களை எழுதும் சட்டம் இருந்தது. ஆனால், வைக்க இடமில்லை என்று பழைய பட்டியல்களை அதிகாரிகள் 1875 முதல் அழித்து வந்தனர். எஞ்சியவற்றுட் பெரும்பாலன இரண்டாம் உலகப் போரில் மறைந்தன. 1920 முதல் 1939 வரையுள்ள பட்டியல்களே இன்று பெரிதும் கிடைக்கின்றன. ஹாம்பர்க் வழியாகச் சென்றவனின் பேரன் ஒரே நாளில் தன் ஊரைக் காணக்கூடும். பிரெமன் வழியாகச் சென்றவனின் பேரன் வாழ்நாள் முழுதும் தேட நேரலாம். ஓர் அலமாரியில் இடமில்லை என்ற சிறு காரணத்தால் பல இலட்சம் குடும்பங்களின் வரலாறு துண்டுபட்டது. பழைய தாள்களை 'வீண் குப்பை' என்று எறிய முற்படும்போது நாம் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி இது.

பெயர்களும் எளிதில் பிடிபடுவதில்லை. ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தவாறே எழுதினர். ஹூபர் என்பது ஹூவர் ஆயிற்று. முல்லர் மில்லர் ஆனார். ஷ்மிட் ஸ்மித் ஆனார். பொருளை மொழிபெயர்த்துக் கொண்டவரும் உண்டு. தச்சர் என்னும் பொருளுடைய 'சிம்மர்மன்' ஆங்கிலத்தில் 'கார்ப்பென்டர்' ஆனது. கறுப்பு என்னும் பொருளுடைய 'ஷ்வார்ட்ஸ்' 'பிளாக்' ஆனது. நியூயார்க்குத் துறைமுகத்தில் 1892இல் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவின் அதிகாரிகளே பெயர்களை மாற்றினர் என்று கூறும் கதை பலவிடத்தும் வழங்குகிறது. உண்மை அதுவன்று. புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்ட பட்டியலை வைத்து அவர்கள் சரிபார்த்தனர். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பிற்காலத்தில் தாமே மாற்றிக்கொண்டவர்கள். குடும்பக் கதையை மதிக்க வேண்டும். ஆயினும் ஏட்டோடு ஒப்பிடாமல் ஏற்றல் கூடாது.

ஊர் தெரிந்தபின் தேவாலயப் பதிவேடுகளை நாட வேண்டும். லுத்தரன் திருச்சபைகள் பல பதினாறாம் நூற்றாண்டிலேயே இவற்றை எழுதத் தொடங்கின. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றுக்கு ஏடு வைக்க வேண்டும் என 1563இல் டிரெண்டுப் பேரவை விதித்தது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் எரிந்துபோன ஏடுகள் பல. அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு ஜெர்மனி முழுவதும் நடைமுறைக்கு வந்தது 1876இல்தான். அதற்கு முற்பட்ட காலத்துக்கு, ரைன் நதியின் மேற்குக்கரை போன்ற சில பகுதிகள் நீங்கலாகத் தேவாலய ஏடுகளே முதன்மைச் சான்று. சில ஏடுகளின் ஓரத்தில், 'அமெரிக்காவுக்குச் சென்றார்' என்று குருவானவர் எழுதிய குறிப்பும் காணப்படும். இருநூறு ஆண்டுத் தேடலுக்கு அவ்விரு சொற்கள் முற்றுப்புள்ளி வைக்கும்.

இவ்வேடுகளைப் படிக்கப் பயிற்சி வேண்டும். எழுத்து இன்றைய எழுத்தன்று. பழைய ஜெர்மானியக் கையெழுத்து. ஒரே வீட்டின் பிள்ளைகள் அனைவர்க்கும் 'யோஹான்' என்பதே முதற்பெயராக இருக்கும். அழைக்கும் பெயர் இரண்டாவதாக வரும். 1752க்கு முன் பிலடெல்பியாவில் எழுதிய தேதிக்கும் ஜெர்மனியில் எழுதிய தேதிக்கும் 11 நாள் வேறுபாடு உண்டு. இங்கிலாந்து அதுவரை பழைய நாட்காட்டியையே பின்பற்றியது.

தமிழ் மாணவர்க்கு வியப்பூட்டும் செய்தி ஒன்றையும் கூறுதல் தகும். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1742இல் பென்சில்வேனியாவுக்கு அனுப்பப்பட்ட முலன்பர்க் என்ற குருவானவர், அங்கிருந்த ஜெர்மானியரின் வாழ்வை விரிவாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அதே ஹாலே நகரோடு தொடர்புடைய சீகன்பால்கு 1706இல் நம் தரங்கம்பாடிக்கு வந்தவர். தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்களும், தமிழ் ஓலைச் சுவடிகளும், பென்சில்வேனியாவிலிருந்து சென்ற கடிதங்களும் ஹாலேயிலுள்ள பிராங்கே நிறுவன ஆவணக் களஞ்சியத்தில் இன்றும் உள்ளன. ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வேரைத் தேடுவோரும், பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தை ஆராய்வோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஏடு புரட்டலாம்!

இத்தேடலில் மாணவர் அஞ்ச வேண்டிய பிழை ஒன்றுண்டு. பெயர் ஒத்திருப்பதால் ஆள் ஒன்றாகிவிடமாட்டார். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே பெயருடையார் இருவர் மூவர் இருந்திருத்தல் கூடும். வயது, தொழில், மனைவி பெயர், ஞானப் பெற்றோர் பெயர், உடன் பயணம் செய்த அயலார் ஆகியவற்றையும் ஒப்பிட்ட பின்னரே முடிவு கூற வேண்டும். ஒரு கண்ணி தவறினால் அதற்கு மேலுள்ள சங்கிலி முழுவதும் பிறர் வீட்டுச் சங்கிலி ஆகிவிடும். 'தெரியவில்லை' என்று ஓரிடத்தில் எழுதி நிறுத்துவது, பொய்யான பெருமையை எழுதி முடிப்பதினும் நூறு மடங்கு மேலானது.

இதனினும் பெரிய பிழை மற்றொன்று. முன்னோரைத் தேடுவது குலப்பெருமைக்காக என்று கருதுவோர் உளர். அப்பெருமை வெறியாக மாறினால் விளைவது யாது என்பதற்கு ஜெர்மனியே சான்று. 1933இல் ஆட்சிக்கு வந்த இட்லரின் அரசு, அலுவல் வேண்டுவோர் தம் பாட்டன் பாட்டிமார் இன்னார் என்பதைப் பதிவேடுகளால் மெய்ப்பிக்க வேண்டும் என ஆணையிட்டது. குழந்தையின் பிறப்பைக் குறிக்க எழுதிய அதே தேவாலய ஏடுகள், யூதர்களையும் யூத முன்னோரை உடையவர்களையும் பிரித்தறியும் கருவியாயின. அப்பிரிவினையின் முடிவு 60 இலட்சம் யூதர்களின் படுகொலை. ஏடு மாறவில்லை, ஏட்டைத் திறந்தவனின் நோக்கம் மாறியது.

அதே காலத்தில் வேறொரு குடும்பத்தின் கதையும் நிறைவுற்றது. கார்ல்ஸ்புருன் என்னும் ஜெர்மானியச் சிற்றூரிலிருந்து 1741இல் ஐசன்ஹவர் என்னும் எளிய குடும்பம் ஒன்று பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தது. 'இரும்பு வெட்டுவோன்' என்பது அப்பெயரின் பொருள். அக்குடும்பத்தின் வழியில் 1890இல் பிறந்த ட்வைட் ஐசன்ஹோவர், மேற்கு ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக நின்று, 1945இல் இட்லரின் ஆட்சியை வீழ்த்தியவர்களுள் முதன்மையானவர். 1953 முதல் 1961 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராகவும் விளங்கினார். இரத்தமே மனிதனின் இயல்பை முடிவு செய்கிறது என்று கூறிய ஆட்சியை, அம்மண்ணிலிருந்து சென்ற குடும்பத்தின் பிள்ளையே எதிர்த்து நின்றான்.

இன்று இவ்வேடுகளுட் பலவற்றின் படங்களை வீட்டிலிருந்தே கணிப்பொறியிற் காணலாம். தேடுதல் எளிதாயிற்று, ஆராய்தல் எளிதாகவில்லை. பழைய ஏட்டில் முன்னோரைக் காண்பவன் பெரும்பாலும் காண்பது அரண்மனையை அன்று; பசியால் ஊரைவிட்ட உழவனை, கடன்பட்டுக் கப்பலேறிய தச்சனை, அந்நியன் என்று ஐயுறப்பட்டு வரிசையில் நின்ற மனிதனை. அவனைக் கண்டவன், இன்று தன் ஊர்த் துறையில் வந்து நிற்கும் அயலானைச் சற்றே கனிவோடு நோக்குவானாயின், அத்தேடல் பயன் பெற்றதாகும்.