நீலத்தில் பிறந்த மின்கடத்தி

‘அனிலீன்’ என்னும் பெயருக்குள் அவுரி மறைந்திருக்கிறது. வடமொழியின் ‘நீல’ என்னும் சொல் அரபு வழியாகப் போர்த்துக்கீசியத்தில் ‘அனில்’ ஆயிற்று. 1840இல் ஃபிரிட்ஷே என்னும் வேதியியலர், அவுரி நீலத்தைக் காரத்துடன் சேர்த்து வடித்துப் பெற்ற நீர்மத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். 1834இலேயே ருங்கே நிலக்கரித் தாரிலிருந்து பிரித்திருந்த பொருளும் இதுவே என்பதை 1843இல் ஹோஃப்மன் நிறுவினார்.

1862இல் இலண்டனில் ஹென்றி லெத்தபி, அனிலீன் சல்பேட்டை மின்னாற்பகுப்புக்கு உட்படுத்தினார். பிளாட்டின மின்வாயில் கருநீலப் படிவு ஒன்று தோன்றியது. இன்று பாலிஅனிலீன் எனப்படும் பலபடியின் தொடக்ககாலப் பதிவு அது. நச்சியல் ஆய்வரான அவருடைய கவனம் அதன் நிறமாற்றங்களிலேயே இருந்தது. சாயத் தொழிலோ அதன் உறவுப்பொருளான ‘அனிலீன் கறுப்பை’ப் பருத்தித் துணியில் ஏற்றி நிறைவுகொண்டது. மின்சாரத்தால் பிறந்த பொருள் மின்சாரத்தைக் கடத்துமா என்பது அக்காலத்தின் வினாவாக இருக்கவில்லை.

1963இல் ஆஸ்திரேலிய ஆய்வர்கள் அயோடின் கலந்த பாலிபிர்ரோலின் மின்கடத்தலை வெளியிட்டனர். உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1967இல் ஷிரகாவாவின் ஆய்வகத்தில் வினையூக்கி ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. விளைந்தது பளபளக்கும் பாலிஅசிட்டிலீன் படலம். பின்னர் அவரும் மெக்டயர்மிடும் ஹீகரும் அயோடின் முதலியவற்றால் மாசூட்டி, அதன் கடத்துதிறன் பல இலட்சம் மடங்கு பெருகுவதை 1977இல் அறிவித்தனர். 2000இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1980களில் மெக்டயர்மிட் பழைய பாலிஅனிலீனுக்குத் திரும்பினார். அமிலத்தில் தோய்த்த மாத்திரத்தில் அது காப்பான் நிலையிலிருந்து கடத்தி நிலைக்கு மாறுவது தெளிவாயிற்று.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் இன்று இப்பலபடி பழகிய பொருள். டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற நானோ துகள்களை அமிலம் கலந்த அனிலீன் கரைசலில் பரப்பி, பனிக்கட்டிக் குளிர்ச்சியில் அம்மோனியம் பெர்சல்பேட்டைத் துளித்துளியாகச் சேர்த்தால், துகள்களின் மீதே பலபடி வளர்கிறது. கரும்பச்சை வீழ்படிவு கிடைக்கிறது.

லெத்தபியின் வரலாறு எச்சரிப்பது இவ்விடத்தில்தான். பச்சை நிறமோ, எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் தெரியும் ஆக்சைடின் சிகரங்களோ கூட்டுப்பொருள் உருவானதற்குப் போதிய சான்றாகா. இரு தூள்களைக் கல்வத்தில் இட்டு அரைத்தாலும் அவை தோன்றும். அகச்சிவப்பு நிறமாலையில் பலபடியின் பட்டைகள் இடம்பெயர்ந்துள்ளனவா, நான்முனை அளவீட்டில் கடத்துதிறன் எவ்வாறு மாறியுள்ளது என்பவற்றைத் தனிப் பலபடியோடும் வெறுங்கலவையோடும் ஒப்பிட்ட பின்னரே இடைவினையைப் பற்றிப் பேச இயலும்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அப்பொருள் ஆய்வர்களின் கையில் இருந்தது. இல்லாதிருந்தது அதனிடம் கேட்க வேண்டிய வினா. கருவிகள் பெருகிய இக்காலத்திலும், வினா இன்றிக் குவியும் வரைபடங்கள் லெத்தபியின் நீலப் படிவைப் போலவே காத்துக் கிடக்கும்.