சீருடைக்கு முன் ஒரு கல்லூரி: நார்வேயும் மினசோட்டாவும்

நார்வேயின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தினுடையது சுமார் 57 லட்சம். 19ஆம் நூற்றாண்டில் நார்வேயை விட்டுக் கப்பலேறியவர்களில் ஏராளமானோர் மினசோட்டாவில்தான் குடியேறினார்கள். குளிரும் ஏரிகளும் லூதரன் தேவாலயங்களும் அந்த உறவின் வழக்கமான சாட்சிகள். அதிகம் பேசப்படாத ஒற்றுமை ஒன்றும் உண்டு. காவலராக விரும்புபவர் முதலில் கல்லூரிக்குப் போய் வரட்டும் என்று இரு இடங்களும் முடிவுசெய்தன. அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் பள்ளிப்படிப்பும் சில மாத அகாடமிப் பயிற்சியும் இருந்தால் போதும். மினசோட்டாவில் குறைந்தது ஈராண்டுக் கல்லூரிப் பட்டம் வேண்டும். நார்வேயிலோ மூன்றாண்டு இளங்கலை.

ஒரே முடிவுக்கு இருவரும் வந்த வழிகள் எதிரெதிரானவை. நார்வேயில் 1920இல் அரசு தொடங்கிய போலீஸ் பள்ளியே, 1990களின் தொடக்கத்தில் உயர்கல்வி நிறுவனமாக உயர்ந்தது. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல் தலைவர் ஆகஸ்ட் வோல்மர், காவலருக்குப் பல்கலைக்கழகக் கல்வி வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாதாடினார். 1967இல் குடியரசுத் தலைவரின் ஆணையம் பட்டப்படிப்பையே இறுதி இலக்காக வைத்தது. கூட்டரசின் கல்வி உதவிப் பணமும் பின்தொடர, கல்லூரிதோறும் குற்றவியல் துறைகள் முளைத்தன. அந்த அலையில்தான் மினசோட்டா 1977இல் தனக்கென ஒரு காவலர் உரிம வாரியத்தை அமைத்தது. நார்வேயில் போலீஸ் பள்ளி கல்லூரியாயிற்று. மினசோட்டாவில் கல்லூரிக்குள் போலீஸ் பள்ளி புகுந்தது.

இதனால் விளைந்த ஒன்று என் எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது. மென்மையான, குடிமக்களோடு நெருங்கிய காவல்துறை என்று பெயரெடுத்த நார்வேயின் மாணவர், ஆஸ்லோவிலோ ஸ்தாவர்னிலோ பூடோவிலோ, வருங்காலக் காவலர்கள் மட்டுமே உள்ள வளாகத்தில் படிக்கிறார். கடுமையானது என்று பெயரெடுத்த அமெரிக்கக் காவல்துறைக்குப் போகவிருக்கும் மாணவரோ, அலெக்சாண்ட்ரியா, ஹிப்பிங் போன்ற சிற்றூர்க் கல்லூரிகளில், வேறு தொழில்களுக்குப் படிப்பவர்களோடு ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறார். காவலராகப் போகிறவர் பொதுமக்களில் ஒருவராகவே இருந்து படிக்கட்டும் என்ற கனவு மினசோட்டாவில்தான் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியிருக்கிறது.

சேர்க்கையில் நார்வேயின் கதவு குறுகலானது. நாடு முழுமைக்கும் ஒரே நிறுவனம். நேர்காணல் உண்டு, 3,000 மீட்டர் ஓட்டம், நீச்சல், உடல்வலு எனத் தேர்வுகளும் உண்டு. மினசோட்டாவின் கதவுகள் பல, அகலமானவை. தகுதி பார்ப்பது பின்னால், வேலைக்கு எடுக்கும் காவல்துறையின் பொறுப்பு. நார்வேயில் கல்விக் கட்டணம் இல்லை. வாழ்க்கைச் செலவுக்கு மாணவர் அரசுக் கடன் வாங்குகிறார். மினசோட்டாவில் கட்டணமும் மாணவர் தலையில். எளிய குடும்பத்துப் பிள்ளைகளை இந்தச் செலவு தடுக்கிறது என்ற புகார் பழையது. 2023இல் மாநிலச் சட்டமன்றம், வேறு பாடங்கள் படித்தவர்களும் வரும்படி, அரசுச் செலவில் சுருக்கமான தீவிரப் பயிற்சி ஒன்றுக்கு வழிசெய்தது.

படித்து முடித்தபின் இருவர் நிலையும் ஒன்றுபோல் ஆகிவிடுகிறது. பட்டம் வாங்கியவருக்கு வேலை உறுதி இல்லை. நார்வேயின் பட்டதாரி, 2016இன் சீர்திருத்தத்தில் 27இலிருந்து 12ஆகச் சுருங்கிய காவல் மாவட்டங்களில் ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மினசோட்டாவின் பட்டதாரி மாநில உரிமத் தேர்வில் தேறி, நானூறுக்கும் மேற்பட்ட காவல் அமைப்புகளில் ஏதேனும் ஒன்று தன்னை எடுத்துக்கொள்ளக் காத்திருக்க வேண்டும். எடுத்த பிறகே உரிமம் கைக்கு வரும். படிக்கும் காலத்தில் இருவருமே ஊழியர் அல்லர், மாணவர். வேலையில் சேர்த்துக்கொண்டு பயிற்றுவிப்பதே பல நாட்டு வழக்கமாக இருக்க, இந்த வரிசையைத் தலைகீழாக்கியதில் இரண்டும் உடன்பிறப்புகள்.

ஆழமான வேறுபாடு இரண்டாம் ஆண்டில் இருக்கிறது. நார்வேயின் மாணவர் முதலாண்டு வகுப்பில் இருந்துவிட்டு, இரண்டாம் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு காவல் மாவட்டத்தில், வழிகாட்டும் அலுவலரோடு ரோந்து போகிறார். மூன்றாம் ஆண்டு வகுப்புக்குத் திரும்பி, தெருவில் கண்டதைப் புத்தகத்தோடு வைத்துப் பார்க்கிறார். தெருவிலும் அவர் கல்லூரியின் மாணவர்தான். திரும்பி வந்து கேள்வி கேட்க அவருக்கு இடமிருக்கிறது. மினசோட்டாவில் சட்டமும் உளவியலும், துப்பாக்கியும் வாகனமும் கைவிலங்கும் கல்லூரியில் முடிந்துவிடுகின்றன. களப் பயிற்சி வேலையில் சேர்ந்த பின்னரே. அதை நடத்துவது காவல்துறை, மதிப்பெண் போடுவது மூத்த காவலர். அங்கே ஏதேனும் உறுத்தினால் திரும்பிப் போக ஒரு வகுப்பறை கிடையாது.

இரு முறைகளையும் உலகமே பார்க்கச் சோதித்த நாட்கள் இரண்டு. 2011 ஜூலை 22 அன்று ஆஸ்லோவில் குண்டுவெடிப்பு. பிறகு ஊத்தயா தீவில் துப்பாக்கிச்சூடு. மொத்தம் 77 பேர் மாண்டனர். மூன்றாண்டு படித்த காவலர்கள் நிறைந்த காவல்துறை அன்று தீவை அடையத் தாமதித்தது. இதை விசாரித்து அடுத்த ஆண்டு அறிக்கை தந்த யோர்வ் ஆணையம், கொலையாளியை முன்னதாகவே தடுத்திருக்க முடியும் என்றது. பணப் பற்றாக்குறையைவிடத் தலைமை, ஒருங்கிணைப்பு, மனப்பாங்கு ஆகியவற்றின் மேல்தான் விரல் நீட்டியது.

2020 மே 25 அன்று மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை அழுத்தி அவரைக் கொன்ற காவலர் டெரெக் ஷோவின், சட்ட அமலாக்கத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றவர். உடனிருந்த இளங்காவலர் இருவரும் கல்லூரி கண்டவர்களே. பயிற்சி முடிந்து சில நாட்களே ஆனவர்கள். அவர்களில் ஒருவருக்கு ஷோவினே களப்பயிற்சி அலுவலராக இருந்தவர். மற்றவர், ஃபிளாய்டை ஒருக்களித்துப் படுக்கவைக்கலாமா என்று கேட்டார். ஷோவின் மறுத்தார். கேட்டவர் அதற்குமேல் மீறவில்லை.

ஓரிடத்தில் செயல் பிந்தியது. மற்றதில் வன்முறை மிஞ்சியது. தவற்றின் அளவையோ தன்மையையோ நான் சமப்படுத்தவில்லை. ஆனால் இரண்டிலும் கல்லூரி கற்பித்த அறிவு, வேலையிடத்துப் பழக்கத்துக்கும் தலைமைக்கும் முன்னால் நின்றுபோனது. மினியாபொலிசில் அந்த இளைஞருக்குச் சரியான கேள்வி தெரிந்திருந்தது. அதைக் கேட்கும் தைரியமும் இருந்தது. கேள்வியை வலியுறுத்தப் பின்பலமாக ஒருவரும் இல்லை.

ஆகவே, இரண்டாண்டா மூன்றாண்டா, பட்டயமா பட்டமா என்று மட்டும் எடைபோடுவது போதாது என்பது என் கணிப்பு. நார்வேயிலும் ரோந்து ஆண்டில் வழிகாட்டுபவர் மாவட்டக் காவலரே. ஆயினும் மாணவர் திரும்பிவரும் வகுப்பறை ஒன்று இருப்பது பெரிய வேறுபாடு. அதேபோல் மினசோட்டாவில் நான் மதிப்பது அதன் உரிமத்தை. செவிலியருக்கும் வழக்கறிஞருக்கும் உள்ளதுபோல், காவலரின் தகுதி அவரை வேலைக்கு வைத்திருக்கும் துறையின் கையில் மட்டும் இல்லை. தனி வாரியத்தின் கையிலும் இருக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை 48 மணிநேரத் தொடர்கல்வி முடித்தால்தான் அது புதுப்பிக்கப்படும்.

புதிதாக ஒரு காவலர் கல்லூரியைத் தொடங்குபவர் என்னிடம் கருத்துக் கேட்டால், ஆஸ்லோவிலிருந்து இரண்டாம் ஆண்டையும் மினசோட்டாவிலிருந்து உரிம வாரியத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். கேன்டீனையும் மினசோட்டாவிலிருந்தே எடுக்கலாம்.