மிராசு

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோவில் ஒரு பையன் இரண்டு பேர் இடத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தான். ஏற வந்த அம்மாள், "நவுந்து உக்காருப்பா, பெரிய மிராசுதாரு!" என்றார். நகர்ந்தான். பொருள் தெரிந்து நகர்ந்தானோ, குரலுக்குப் பயந்து நகர்ந்தானோ. அந்தப் பொருளைப் பிடிக்கத்தான் இதே செங்கற்பட்டுச் சீமையில் ஆங்கிலேயக் கம்பெனி அரை நூற்றாண்டுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டது.

மிராசு அரபியிலிருந்து வந்த சொல். பொருள், பரம்பரைச் சொத்து. வாரிசும் அதே அரபி வேரில் முளைத்ததுதான். 'தார்' பாரசீகம்: வைத்திருப்பவர். தாசில்தார், ஜமீன்தார் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற அதே தார். ஆக, மிராசுதார் என்ற பெயரில் உழவும் இல்லை, உழைப்பும் இல்லை. பிறந்தார், பெற்றார், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பெயர் காணியாட்சி. 1763இல் ஆற்காடு நவாப் முகம்மது அலி இந்தப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தபின், காணியாட்சி பின்னுக்குப் போய்க் கச்சேரிக் காகிதங்களில் மிராசு உட்கார்ந்துகொண்டது. நிலம் யாருடையது என்று கம்பெனிக்குப் பிடிபடவில்லை. 1767 முதல் 1774 வரை கம்பெனிப் பொறியாளர் பர்னார்டு ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். பிறகு எல்லிஸ், திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ், மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எழுதிய விடைகள் 1818இல் அச்சாயின.

அவற்றில் வரும் சொற்களைப் பார்த்தால் நமக்கே ஆச்சரியம். ஊர் முழுதும் ஒரே மிராசுதாரர் கையில் இருந்தால் அது ஏகபோகம். இன்று கம்பெனிகளைத் திட்ட நாம் எடுக்கும் சொல். பலர் பங்கு போட்டுப் பொதுவில் வைத்திருந்தால் பசுங்கரை; நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. மிராசு இல்லாமல் ஊரிலேயே குடியிருந்து பயிர் செய்பவர் உள்குடி, வெளியூரிலிருந்து வந்து செய்பவர் பரகுடி.

எனக்கு வியப்பு 'சுதந்திரம்'தான். களத்தில் நெல் அம்பாரமாகக் குவிந்திருக்கிறது. சர்க்காருக்கு மேல்வாரம், உழுதவருக்குக் குடிவாரம் என்று பிரிக்கும் முன்னே பொதுக்குவியலிலிருந்து மரக்கால் மரக்காலாக ஒரு பங்கு தனியே போகும். அதற்குப் பெயர் சுதந்திரம். மிராசுதாரருக்கு உரிய வரும்படி. அவர் உழாத நிலத்திலும், பயிர் செய்தவரிடமிருந்து துண்டுவாரம் என்று இன்னொன்று உண்டு. சுதந்திரம் என்றால் விடுதலை என்று படித்தவர்கள் நாம். அன்றைய களத்தில் அது உரிமையாக அளக்கப்பட்ட நெல்.

களத்தில் அடித்துத் தூற்றிய பறையர்களுக்கு மிராசு இல்லை. ஊர்த் தரிசைக் கேட்டாலும் மிராசுதாருக்கே முதல் உரிமை. செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில், குடிசை போட்ட மனைக்கட்டுகூட அவர்களுடையதில்லை, எதிர்த்தால் அங்கிருந்தும் கிளப்பிவிடலாம் என்ற நிலைமையை எடுத்துச் சொன்னார். 1892இல் வந்த அரசாணைதான், ஒடுக்கப்பட்டவர்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. மிராசு என்ன என்று அறிய எல்லிஸ் போதாது என்பது என் கட்சி. டிரெமன்ஹீரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தஞ்சைப் பக்கம் சொல் இன்னும் கனமானது. அங்கே மிராசுதார் பெயரில் அரசு மருத்துவமனையும் உண்டு, கூலி உழவர் குடும்பங்கள் எரிக்கப்பட்ட 1968இன் கீழ்வெண்மணியும் உண்டு. நம் பக்கம் அப்படியில்லை. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. நெல்லாக அளந்த மண்ணைச் சதுர அடியாக விற்கிறார்கள். மிராசுதார், ஆட்டோவில் காலை நீட்டுபவனுக்கு வைக்கும் பட்டப்பெயராகிவிட்டார்.

ஆனால் அவருடைய நெல்லின் பெயரான சுதந்திரம் பழைய பொருளோடு ஓரிடத்தில் இருக்கிறது. பழைய தமிழ் பைபிளில் சுதந்தரவாளி என்றால் விடுதலை பெற்றவன் அல்லன், வாரிசு. ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் அந்தச் சொல்லை இன்றும் அந்தப் பொருளிலேயே வாசிக்கிறார்கள்.