பாலாற்றங்கரையில் எண்ணமும் செயலும்

நாட்றம்பள்ளியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியே வேலூர் வரை விசாரித்துச் சென்றாலும், பாலாற்றைக் கெடுப்பது சரியே என்பார் எவரும் நமக்கு எதிர்ப்படமாட்டார். ஆயினும் 1996 ஆகஸ்ட் 28 அன்று வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அன்றைய வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் 584 தோல் பதனிடும் ஆலைகள் இருந்ததையும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழானதையும் பதிவுசெய்தது.

சொல்லும் செயலும் பிரிவதைச் சமூக உளவியலில் முதலில் அழுத்தமாகக் காட்டியவர் லாபியர். 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியருடன் அமெரிக்காவைச் சுற்றினார். 251 விடுதி, உணவகங்களில் ஒன்று மட்டுமே மறுத்தது. பின்னர் கடிதம் எழுதிக் கேட்டபோது, பதிலளித்த 128-இல் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை சீனரை ஏற்பதில்லை என்றன! அங்கே சொல் கொடிது, செயல் நன்று. பாலாற்றில் நேர்மாறு.

1991-இல் அய்சன் விளக்கியபடி, செயலுக்கு எண்ணம் மட்டும் போதாது. சுற்றியுள்ளோரின் எதிர்பார்ப்பும், தன்னால் இயலும் என்ற நம்பிக்கையும் வேண்டும். சிறிய ஆலைக்காரர் ஒருவர் தனியே கழிவுநீரைச் சுத்திகரித்தால் செலவு அவருடையது; பக்கத்து ஆலை திறந்துவிட்டால் ஆறு கெடுவது நிற்காது. இதைப் பேராசை என்று மட்டும் ஒதுக்க நமக்கு மனமில்லை. (தோல் செருப்பு அணிந்துதான் நாமும் இதை எழுதுகிறோம்.) மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற நெறியும், ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதமும் அவர்கள் எண்ணத்தையன்று, கணக்கையே மாற்ற முயன்றன. 2025 ஜனவரி 30 அன்று, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.