படியும் பிழையும்: டோவர் வழக்கில் படைப்புவாதமும் பரிணாம அறிவியலும்

1. ஆய்வின் பொருள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள டோவர் பள்ளி வாரியம் 2004 அக்டோபரில் 6-க்கு 3 என்ற வாக்கில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு ஓர் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும். டார்வின் கோட்பாட்டில் இடைவெளிகள் உள்ளன, ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற வேறொரு விளக்கமும் உண்டு, விரும்புவோர் ‘ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்’ என்ற நூலைப் பார்க்கலாம் என்பதே அறிக்கையின் சாரம். அறிவியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மறுத்தார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். அதற்குள் பெற்றோர் 11 பேர் நீதிமன்றம் போயிருந்தார்கள். ‘கிட்ஸ்மில்லர் எதிர் டோவர்’ என்று அறியப்படும் வழக்கு இதுதான்.

இதை மதத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான மோதலாக எழுதுவதே வழக்கம். சாட்சியங்களை ஊன்றிப் படித்தால் மையக் கேள்வி வேறாகத் தெரிகிறது. கண்முன் இருக்கும் இரண்டு படிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்பதை எப்படி அறிவது? நம் சுவடிப் பதிப்பாசிரியர்கள் நன்கறிந்த கேள்வி இது. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை இருந்தால், இரண்டும் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை என்று அவர்கள் கொள்வார்கள். சரியான பாடம் எங்கிருந்தும் வரலாம். ஒத்த பிழை அப்படி வராது. டோவர் வழக்கின் வலிமையான இரு சாட்சியங்களும் இம்முறையைச் சார்ந்தவை.

2. சட்டப் பின்புலம்

1925-இல் டென்னசி மாநிலம் பரிணாமம் கற்பிப்பதைத் தடைசெய்தது. அவ்வாண்டு ஜூலையில் டேட்டன் நகரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இத்தகைய தடைகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1968 ஆயிற்று. அதன்பின் கோரிக்கை மாறியது: பரிணாமத்தைக் கற்பித்தால் ‘படைப்பு அறிவியலையும்’ சேர்த்துக் கற்பிக்க வேண்டும். லூசியானா இதைச் சட்டமாக்கியது. 1987 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அதையும் நீக்கியது. அந்த ஆண்டை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. ஒரு பாடநூலின் வரைவுகள்

‘பாண்டாஸ்’ நூல் 1989-இல் வெளிவந்தது. டெக்சாசிலுள்ள அதன் பதிப்பு நிறுவனத்திடமிருந்து பழைய வரைவுகளை நீதிமன்ற ஆணை மூலம் வாதிகள் பெற்றார்கள். தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் அவற்றை வரிக்கு வரி ஒப்பிட்டார். 1986 வரைவின் தலைப்பே ‘உயிரியலும் படைப்பும்’ என்பதுதான். உயிரினங்கள் துடுப்போடும் சிறகோடும் முழுவடிவில் திடீரெனத் தோன்றியதே படைப்பு என்று அதில் ஒரு வரையறை உண்டு. பின்வந்த வரைவில் அதே வாக்கியம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ‘படைப்பு’ இருந்த இடத்தில் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ வந்திருக்கிறது, அவ்வளவே. இத்தகைய மாற்றம் சுமார் 150 இடங்களில் நிகழ்ந்திருந்தது. நிகழ்ந்த காலம் 1987, அதாவது தீர்ப்பு வந்த உடனே.

ஓரிடத்தில் மாற்றியவரின் கை தவறியிருந்தது. ‘கிரியேஷனிஸ்ட்ஸ்’ (படைப்புவாதிகள்) என்ற சொல்லை முழுவதும் அழிக்காமல் அதன் நடுவில் ‘டிசைன் புரொப்போனன்ட்ஸ்’ (வடிவமைப்பு ஆதரவாளர்கள்) என்பது ஒட்டப்பட்டிருந்தது. முன்னெழுத்தும் வால் எழுத்துகளும் பழைய சொல்லுடையவை, நடுப்பகுதி புதியது. இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட வடிவம் அந்தத் தாளில் அப்படியே நின்றது. வடிவமைப்புக் கொள்கை தனித்துத் தோன்றிய அறிவியல், படைப்புவாதத்தோடு உறவற்றது என்ற வாதத்துக்கு இதன்பின் இடமில்லாமல் போயிற்று.

4. உயிரணுவுக்குள் அதே முறை

மனிதருக்கு 46 குரோமோசோம்கள். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 48. பொது மூதாதையிடமிருந்து வந்திருந்தால் ஒரு ஜோடி எங்கே போயிற்று? ஒரு முழு ஜோடி தொலைந்தால் உயிர் பிழைக்காது. ஆகவே இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டியிருக்க வேண்டும். அப்படியானால், முனைகளில் மட்டுமே இருக்க வேண்டிய டீலோமியர் தொடர்கள் ஒரு குரோமோசோமின் நடுவில் கிடக்க வேண்டும். ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய சென்ட்ரோமியர் என்ற பகுதியில், செயலிழந்த இரண்டாவதன் எச்சமும் தெரிய வேண்டும். பிரவுன் பல்கலைக்கழக உயிரியலாளர் கென்னத் மில்லர் நீதிமன்றத்தில் இதை விளக்கினார். மனிதரின் இரண்டாம் குரோமோசோமில் இவ்விரண்டும் உள்ளன. கோட்பாடு பொய்த்திருக்கக்கூடிய சோதனை இது, பொய்க்கவில்லை.

வைட்டமின் சி கதையும் இதே வகை. பெரும்பாலான பாலூட்டிகள் அதைத் தம் உடலிலேயே செய்துகொள்கின்றன. அதற்கான இறுதிப் படி நொதியின் மரபணு நம்மிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் சிதைந்து கிடக்கிறது. கினிப் பன்றியிடமும் சிதைந்திருக்கிறது, ஆனால் சிதைவின் விதம் வேறு. பயனுள்ள உறுப்பு ஒத்திருந்தால் ஒரே வடிவமைப்பாளர் செய்தார் என்று சொல்லிவிடலாம். கெட்டுப்போன மரபணு ஒத்திருப்பதற்கு அந்த விளக்கம் உதவாது.

5. சிக்கலான அமைப்பு என்ற வாதம்

எதிர்த்தரப்பின் முதன்மைச் சாட்சி, லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி. ஓர் உறுப்பை எடுத்தாலும் முழு அமைப்பும் செயலிழக்கும் என்றால் அது படிப்படியாகத் தோன்றியிருக்க முடியாது என்பது அவர் வாதம். பாக்டீரியாவின் கசையிழை அவருக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. இந்த வாதத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. உயிரியலாளர் பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்விதான். பதிலும் இருக்கிறது. சில நோய்க்கிருமிகள் ஊசிபோன்ற ஒரு கருவியால் நச்சுப் புரதங்களை நம் செல்களுக்குள் செலுத்துகின்றன. கசையிழையின் அடிப்பகுதிப் புரதங்கள் சிலவற்றுக்கு நெருங்கிய உறவான புரதங்களாலேயே அக்கருவி ஆகியிருக்கிறது. சில உறுப்புகள் இல்லாவிட்டாலும் மிச்சம் வேறொரு வேலை செய்யும் என்பது இதனால் உறுதியாகிறது.

நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பரிணாமத்துக்கு அறிவியலில் விடையே இல்லை என்று பீஹி எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில் அப்பொருள் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளும் ஒன்பது நூல்களும் அவர்முன் வைக்கப்பட்டன. அவை போதா என்றார். அறிவியல் கோட்பாட்டுக்கு அவர் தந்த வரையறைப்படி சோதிடமும் கோட்பாடாகுமா என்று கேட்டபோது, ஆகும் என்று ஒப்புக்கொண்டார். மறுப்பதற்கு எந்தச் சான்று போதும் என்று சொல்ல முடியாத கருத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் அறிவியல் என்று கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

6. சமய நம்பிக்கையின் இடம்

மில்லர் கத்தோலிக்கர். வாதிகள் தரப்பில் சாட்சி சொன்ன ஜான் ஹாட், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக இறையியலாளர். நீதிபதி ஜான் ஜோன்ஸ், அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். இறைநம்பிக்கை உள்ளவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள். ஆகவே இதை மதத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான மோதல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

7. தீர்ப்பும் பின்வந்த மசோதாக்களும்

2005 டிசம்பர் 20-இல் 139 பக்கத் தீர்ப்பு வந்தது. அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் ஆகாது, அதைப் பள்ளியில் நுழைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றார் ஜோன்ஸ். அதற்கு முந்தைய மாதமே வாக்காளர்கள் தீர்மானத்தை ஆதரித்த வாரிய உறுப்பினர்களைத் தேர்தலில் அகற்றியிருந்தார்கள். புதிய வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை. எனவே தீர்ப்பு உயர் நீதிமன்றங்களுக்குப் போகாமல் அந்த மாவட்ட அளவிலேயே நின்றது.

பிறகு வந்த மசோதாக்களில் ‘படைப்பு’ என்றோ ‘வடிவமைப்பு’ என்றோ எழுதுவதில்லை. ‘கல்விச் சுதந்திரம்’, ‘திறனாய்வுச் சிந்தனை’ என்கிறார்கள். பரிணாமத்தோடு புவி வெப்பமாதலையும் மனிதப் படியாக்கத்தையும் சேர்த்து வைக்கிறார்கள். லூசியானாவில் 2008-இலும் டென்னசியில் 2012-இலும் இவை சட்டமாயின. டோவர் வழக்கில் வாதிகளுக்கு உதவிய உயிரியலாளர் நிக்கோலஸ் மாட்ஸ்கே, இத்தகைய 67 மசோதாக்களின் வாசகங்களை எடுத்து, உயிரினங்களுக்கு வம்சாவளி மரம் வரையும் அதே கணினி முறைகளால் ஆராய்ந்து 2015-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். எந்த மசோதா எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்பது கிளை கிளையாகத் தெரிந்தது. அண்மைக்கால மசோதாக்களில் பலவற்றின் வேர், லூசியானாவின் ஒரு பாரிஷ் (மாவட்டம்) பள்ளி வாரியம் 2006-இல் நிறைவேற்றிய கொள்கையில் இருந்தது.